பெருமாள்சாமியின் நம்பர்

சங்கரேஸ்வரி படித்த படிப்பின் பெயரை அவள் வீட்டில் ஒருவராலும் முழுதாகச் சொல்ல முடியாது. பொறியியல் மேலாண்மையும் சைபர் பாதுகாப்பும் சேர்ந்த முதுகலைப் பட்டம். கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகம், வீட்டிலிருந்தபடியே நான்கு வருடம். அவள் அம்மா சுப்புத்தாய் அக்கம்பக்கத்தில் இதைச் சுருக்கி, "எம் மக கம்ப்யூட்டருக்குப் பூட்டு போடுத படிப்பு படிக்கா" என்று சொல்லிவிடுவாள். பெரிய தப்பில்லை. ஒரு தொழிற்சாலையை ஒழுங்காக நடத்துவது எப்படி, அதன் கம்ப்யூட்டருக்குள் களவாணி நுழையாமல் காப்பது எப்படி என்பதுதான் மொத்தப் படிப்பும். அப்படிப்பட்டவள் ஆனி மாதத்து ஒரு சனிக்கிழமை காலையில் தன் சொந்தப் பூட்டுக்கே சாவி இல்லாமல் வெளியே நின்றாள்.

அன்று மாலை ஆறு மணிக்குள் அவள் தன் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தின் போர்ட்டலில் ஏற்றியாக வேண்டும். ஏற்றாவிட்டால் பதிவு காலாவதி. அப்பா இறந்ததற்காக ஏற்கெனவே இரண்டு முறை தவணை நீட்டித் தந்துவிட்டார்கள். மூன்றாவது கிடையாது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். அவளுக்கு வயது முப்பத்தைந்து. ராயகிரியில் வாக்கப்பட்டு இரண்டே வருடத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். சங்கரன்கோவிலுக்கு வெளியே ஒரு நூற்பாலையில், மெஷின் பராமரிப்புப் பிரிவில், பத்து வருடமாக ஒரே நாற்காலி. சென்னையில் ஒரு கம்பெனி, பட்டத்தோடு வா, வேலை உனக்கு என்று சொல்லியிருந்தது. இது போனால் அதுவும் போகும், அப்புறம் அந்த நாற்காலிதான் கதி என்று அவளுக்குத் தெரியும்.

பதினோரு மணிக்கு ஏட்டைக் கடைசியாக ஒருமுறை வாசித்து முடித்துவிட்டுப் போர்ட்டலைத் திறந்தாள். பாதுகாப்பை மேம்படுத்தியிருக்கிறோம், எல்லோரும் புதிதாக உள்ளே வாருங்கள் என்றது திரை. பாஸ்வேர்டைப் போட்டாள். நாலு ஒன்று ஏழு என்று முடியும் உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்க ஓடிபி அனுப்பியிருக்கிறோம், பத்து நிமிடத்துக்குள் அதை இங்கே இடவும் என்று அடுத்த வரி வந்தது. அந்த எண் அவள் அப்பா பெருமாள்சாமியுடையது. பெருமாள்சாமியைப் புதைத்துப் பத்து மாதம் ஆகிறது.

மகள் படிப்புக்கு அப்பா நம்பர் ஏன் என்று கேட்கிறவர்கள் இந்தப் பக்கத்து ஆட்களாக இருக்க மாட்டார்கள். பிளஸ் டூ முடித்து முதன்முதலாகக் கல்லூரிப் பாரம் நிரப்பிய அன்றே பெருமாள்சாமி சொல்லிவிட்டார். "பொட்டப்பிள்ள நம்பரக் கண்ட பாரத்துலயும் எழுதக் கூடாது. எவன் கைக்குப் போவும்னு யாரு கண்டா? என் நம்பரப் போடு." போட்டாள். அதன்பின் மெயிலுக்கும் அதுவே, ஆதாருக்கும் அதுவே, வேலைக்கு மனுப் போட்டதற்கும் அதுவே. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் போய் யாரைக் கேட்டாலும் பாதிப் பெண்பிள்ளைகளின் படிப்பு இப்படி ஓர் அப்பாவின் சட்டைப்பையிலோ அண்ணனின் சட்டைப்பையிலோதான் கிடக்கும்.

பெருமாள்சாமிக்கு ராஜபாளையம் ரோட்டில் புண்ணாக்குக் கடை. அவரிடம் இருந்தது பட்டன் போன். பல்கலைக்கழகத்திலிருந்து மெசேஜ் வந்தால் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஆறு எண் தெரிந்துவிடும். தராசில் பருத்திக்கொட்டையை அப்படியே நிறுத்திவிட்டு மகளுக்குப் போன் போடுவார். "அஞ்சு... ரெண்டு... ரெண்டு... ஏழு..." என்று ஒவ்வொன்றாக, கோயிலில் பேர் நட்சத்திரம் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்வார். கடையில் நிற்கிறவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். கடைசியில், "எழுதிட்டியா மக்கா?" என்பார். "எழுதிட்டேம்ப்பா" என்று அவள் சொன்ன பிறகுதான் தராசு மறுபடி அசையும்.

"யப்பா, இத இப்படி ஊருக்கே கேக்க சொல்லப்பிடாது. யாராவது திருடிருவாங்க" என்று ஒருநாள் சண்டை பிடித்தாள்.

"ஓன் படிப்பத் திருடி எவன் என்ன செய்யப் போறான்? கொண்டு போனா ஒக்காந்து படிச்சுட்டுப் போறான்" என்றார் அவர்.

போன ஆவணியில் கடையில் உட்கார்ந்த வாக்கிலேயே மாரடைப்பு. அடக்கத்தின்போது அவர் கண்ணாடியையும் வெற்றிலைப் பையையும் குழிக்குள் வைத்தார்கள். அவர்கள் வகையறாவில் அது வழக்கம், இறந்தவர் தினம் தொட்ட சாமான் அவரோடு போக வேண்டும். சுப்புத்தாய் போனையும் எடுத்து அவர் சட்டைப்பையில் செருகினாள். "கையில இது இல்லாம அவுகளுக்குப் பொழுது போவாது" என்றாள். தம்பி மாரிராஜ் பக்கத்தில் நின்றான். சைபர் பாதுகாப்பில் மூன்று வருடம் முடித்திருந்த சங்கரேஸ்வரியும் நின்றாள். சிம்மையாவது கழற்றுங்கள் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. அழுகிற நேரத்தில் யாருக்கு சிம் ஞாபகம் வரும்? முதல் இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் அந்த நம்பருக்கு அவள் அடித்துப் பார்த்தாள். மண்ணுக்குள் மணி போய்க்கொண்டேயிருந்தது. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் அடிக்கவில்லை.

இத்தனைக்கும் பல்கலைக்கழகம் அவளை இரண்டு முறை கேட்டது. பதினாறாம் நாள் விசேஷம் கழிந்த வாரத்தில் ஒருமுறை, தை மாதத்தில் ஒருமுறை. இந்த எண் இன்னும் உங்களுடையதுதானா? அப்போது அவள் லேப்டாப்பில் போர்ட்டல் ஓடிபி கேட்காமலே திறந்து கிடந்தது. இல்லை என்று ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அவள் நம்பருக்கு மாறியிருக்கும். அவள் இரண்டு முறையும் ஆமாம் என்று தட்டினாள். இல்லை என்று தட்ட விரல் வரவில்லை, அவ்வளவுதான். அதே கையால்தான் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில், ஒருவர் இறந்தால் அவர் எண்ணோடு இணைந்த கணக்குகளை அன்றே மாற்றிவிட வேண்டும் என்று அரைப்பக்கம் எழுதியிருந்தாள். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்?

உதவி மையத்துக்குப் போன் போட்டாள். எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். அடையாளச் சான்றுகளை அனுப்புங்கள், சரிபார்க்க மூன்று வேலை நாள் ஆகும் என்றான். இன்று ஆறு மணிக்குத் தவணை முடிகிறது என்றாள். போர்ட்டல் தானாகவே மூடிக்கொள்ளும், அது எங்கள் கையில் இல்லை என்றான். என் குரலைக் கேட்டால் தெரியவில்லையா, பொய் சொல்கிறவளாகவா தெரிகிறது என்று கெஞ்சினாள். குரலை நம்பிக் கதவைத் திறந்தால் பாதுகாப்பு எதற்கு அம்மா என்று அவன் கேட்டான். இரண்டாம் பருவத் தேர்வில் அவளே எழுதிய பதில் அது. வழிகாட்டிப் பேராசிரியருக்கு மெயில் போட்டாள். பத்தாம் தேதிவரை விடுப்பில் இருக்கிறேன் என்று இயந்திரம் பதில் போட்டது.

மாரிராஜ் பஸ் ஸ்டாண்டு பக்கம் சிம் கடைக்கு ஓடினான். அரை மணி நேரத்தில் முகம் தொங்கத் திரும்பி வந்தான்.

"ரீசார்ஜ் பண்ணாமக் கெடந்ததால நம்பரு செத்துப் போச்சாம்க்கா. வேற யாருக்கோ குடுத்துட்டாங்களாம்."

"யாருக்குலே?"

"அதச் சொல்ல மாட்டாங்களாம். நீ அடிச்சுத்தான் பாக்கணும்."

சங்கரேஸ்வரி போனை எடுத்தாள். பத்து மாதம் கழித்து அந்தப் பத்து எண்ணை விரல் தானாகத் தட்டியது. மணி போயிற்று. அடுப்படியிலிருந்து சுப்புத்தாய் எட்டிப் பார்த்தாள்.

"அலோ, யாரு?" ஒரு பெண் குரல். பின்னால் ஆட்டு மணிச் சத்தம்.

"யக்கா, நான் சங்கரங்கோயில்ல இருந்து பேசுதேன். இது எங்க அப்பா நம்பரு. இப்ப ஒங்ககிட்ட இருக்கு போல."

"அப்படியா தாயி? எம் மவன் சித்திரையில வாங்கித் தந்தான். அதான் பாத்தேன், வாரத்துக்கு ரெண்டு பேரு அடிச்சு, அண்ணாச்சி, புண்ணாக்கு வந்தாச்சான்னு கேக்காவ. நான் மாரித்தாய். எளையரசனேந்தல் கம்மாக்கரையில ஆடு மேய்ச்சுக்கிட்டு நிக்கேன். அப்பா நல்லாருக்காவளா?"

"அப்பா தவறிட்டாவக்கா."

"அய்யோ பாவமே" என்றாள் அந்த அம்மாள், உண்மையான வருத்தத்தோடு. சங்கரேஸ்வரி விஷயத்துக்கு வந்தாள்: "ஒரு ஒதவிக்கா. இப்ப ஒங்க போனுக்கு ஆறு நம்பரு ஒண்ணு வரும். அத மட்டும் எனக்கு வாசிச்சுச் சொல்லணும்."

அந்த அம்மாளின் குரல் மாறியது.

"ஓடிபியா?"

"ஆமாக்கா, ஆனா இது..."

போன் வைக்கப்பட்டுவிட்டது. மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை. ஏழெட்டு முறை அடித்தாள். ஒன்பதாவது முறை மாரிராஜ் அவள் கையிலிருந்து போனை வாங்கிக் கீழே வைத்தான்.

ஒன்றரை மணிக்கு லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். சோறு தின்னுட்டுப் போடி என்று சுப்புத்தாய் தெருவரை வந்து சத்தம் போட்டது காதில் ஏறவில்லை. வழி நெடுக என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தாள். தவணை இன்றே முடிகிறது என்று சொல்ல வேண்டும். அப்பா செத்ததைச் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் பேரை இழுக்க வேண்டும். குருவிகுளம் நெருங்கும்போதுதான் உறைத்தது. அவசரப்படுத்துவது, பரிதாபம் காட்டுவது, தெரிந்த ஆள் போலப் பேசுவது. மோசடிக்காரர்களின் உத்திகள் என்று தன் ஏட்டில் அவள் கட்டம் போட்டு வைத்திருந்த அத்தனையும் இப்போது அவள் வாயில்தான் இருந்தன. ஒன்றுகூட மிச்சமில்லை.

இளையரசனேந்தல் டீக்கடையில் விசாரித்தபோது மூன்று மாரித்தாய் இருப்பதாகச் சொன்னார்கள். சுற்றி அலைந்து, வழி தப்பி, கண்மாய்க் கரையை அடைந்தபோது மணி மூன்றரை. மழை பார்த்து எத்தனை நாளோ, கண்மாய் கட்டாந்தரையாகக் கிடந்தது. கருவேல மர நிழலில் ஐம்பது வயதுக்காரி ஒருத்தி தொரட்டிக் கம்போடு நின்றாள். ஸ்கூட்டியிலிருந்து இறங்குகிறவளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தவள், சட்டென்று முகம் மலர்ந்தாள்.

"டீச்சரம்மால்லா. தை மாசம் எங்க மகளிர் குழுவுக்கு வந்தியள்லா."

சங்கரேஸ்வரிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சங்கரன்கோவில் கோமதித் தாயே வழி விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தாள். ஆய்வுக்காகக் குருவிகுளம் வட்டாரத்தில் அவள் நடத்திய கூட்டம் அது. நாற்பத்தியொரு பெண்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்று இரண்டு மணி நேரம் பாடம் எடுத்திருந்தாள். தெரிந்த முகம், இனிக் கவலையில்லை என்று மூச்சு வாங்க நடந்ததெல்லாம் சொன்னாள். காலையில் போன் போட்டது நான்தான் அக்கா என்றாள்.

மாரித்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தெரியும் டீச்சர். சோதிக்க வந்திருக்கிய. எல்லாப் பொம்பளையாளுக்கும் ஆள் விட்டுப் போன் போட்டுப் பாத்தியள்லா. அப்ப எனக்கு மட்டும் போன் இல்ல. இப்ப நானும் தேறிட்டேனா?"

உண்மைதான். மாசி மாதத்தில் நாற்பது பேருக்கும் ஆள் வைத்துப் போன் போட்டுச் சோதித்தாள். ஒருத்திகூடச் சொல்லவில்லை. ஐந்தாம் அத்தியாயமே அந்த வெற்றிதான். நாற்பத்தியொன்றாவது பெயருக்கு எதிரே, கைபேசி இல்லை என்று எழுதியிருந்தாள்.

"சோதனை இல்லக்கா. நெசமாவே கேக்கேன். ஆறு மணிக்குள்ள அந்த நம்பரு இல்லைன்னா என் நாலு வருசப் படிப்பு போச்சு."

மாரித்தாயின் சிரிப்பு மெல்ல அடங்கியது. அவள் பார்த்தது அழுத கண். ஆடு வளர்க்கிறவளுக்கு எது நடிப்பு, எது நோவு என்று தெரியாதா?

"எப்படி டீச்சர் சொல்லுவேன்? நீங்கதான சூடம் அணைக்கச் சொன்னிய."

அந்தச் சூடம். கூட்டம் முடிகிற நேரத்தில், வாயால் சொன்னா மறந்துபோவும், சத்தியம் வாங்குங்க டீச்சர் என்று குழுத் தலைவி அன்னக்கிளி யோசனை சொன்னாள். சங்கரேஸ்வரிக்கு அது பிடித்துப்போயிற்று. தாம்பாளத்தில் சூடம் கொளுத்தி, கோமதி அம்மனை நினைத்து ஒவ்வொருத்தியாக உள்ளங்கையால் அடித்து அணைத்தார்கள். சொல்ல வேண்டிய வாசகத்தை எழுதிக் கொடுத்தவள் இவள்தான். எவர் கேட்டாலும், டீச்சரே நேரில் வந்து கேட்டாலும், சொல்ல மாட்டேன். எனக்குப் போனே இல்லையே டீச்சர் என்று பின்வரிசையில் ஒதுங்கி நின்ற ஒருத்தியைக் கைப்பிடித்து இழுத்து வந்ததும் இவள்தான். "இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வரும், நீங்களும் அடிங்க." உள்ளூர் நம்பிக்கையையே பாதுகாப்பு முறையாக மாற்றியிருக்கிறீர்கள் என்று பேராசிரியர் மூன்று வரி பாராட்டு எழுதியிருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது ஒரு தடவை கத்தித்தான் கெடுகிறது. இவள் எழுத்தில் கொடுத்துக் கெட்டாள்.

"நான் வாங்குன சத்தியந்தானக்கா. நானே விட்டுத் தாரேன்."

"ஒங்ககிட்டயா பண்ணேன்? அவகிட்டல்லா பண்ணேன். எம் மவன் திருப்பூர்ல மெஷின்ல கைய வச்சு வேல பாக்கான் டீச்சர்."

போன் மாரித்தாயின் இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தது. பை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஆளில்லை. சங்கரேஸ்வரிக்கு வலு இருக்கிறது, வயதும் இருக்கிறது; ஒரே பிடுங்கு. அவள் அதை நினைத்தாள், நினைக்கவில்லை என்று பொய் சொல்ல முடியாது. ஒரு எட்டு முன்னால் வைக்கவும் செய்தாள். மாரித்தாய் பின்வாங்கவில்லை, பையை மூடவும் இல்லை. இவள் அப்படிச் செய்யக் கூடியவள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சங்கரேஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு, பதினாறாம் நாள்கூட அழாத அழுகையை அழுதாள்.

மாரித்தாய் தொரட்டிக் கம்பை மரத்தில் சாய்த்தாள். பிறகு சொன்னாள். "அவ கோயில்ல போயி, அவ முன்னால மன்னிப்புக் கேட்டா விட்டுருவா. கோயிலுக்குள்ளகூடப் போவாண்டாம். கோபுரத்தக் கண்ணால பாத்துட்டாப் போதும், கேட்டுட்டுச் சொல்லிருதேன்."

சங்கரேஸ்வரி சட்டென்று தன் போனைத் துழாவி ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். "இந்தாங்கக்கா, கோபுரம். நானே எடுத்த போட்டோ."

"போட்டோ யாரு வேணாலும் காட்டலாம்லா. போன்ல தெரியுத எதையும் நம்பாதியன்னு சொன்னதும் நீங்கதான."

அதற்கு மேல் பேச நேரமில்லை. நான்கு மணிக்குக் கிளம்பினால் ஐந்துக்குள் ஊர் போய்விடலாம். ஆனால் ஆடுகளை யார் பார்ப்பது? இருபத்தாறு உருப்படி. பக்கத்திலேயே பருத்திக் காடு. ஒரு ஆடு வாய் வைத்தால் வருடக் கணக்கில் பகை. அடைத்துவிட்டுத்தான் வர முடியும் என்றாள் மாரித்தாய். சங்கரேஸ்வரி லேப்டாப் பையைத் தோளில் போட்டபடியே ஆடுகளை மறித்தாள். மூன்றரை மணிக்குத்தான் வாய்க்கு ருசியாக இரை கிடைத்திருக்கிறது, நான்கு மணிக்கு வீடு போ என்றால் எந்த ஆடு போகும்? அவள் இந்தப் பக்கம் விரட்டினால் அவை அந்தப் பக்கம் ஓடின. பொறியியல் மேலாண்மையில் காலக்கெடு வகுத்து ஆட்களை நடத்தும் பாடத்தில் அவள்தான் முதல் மதிப்பெண். ஒரு கிடா அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கருவேலங்காயைக் கடித்தது. செருப்பு அறுந்தது, முள் குத்தியது, துப்பட்டா எங்கேயோ போயிற்று. கடைசி ஆட்டைக் கிடைக்குள் தள்ளிப் படலைச் சாத்தியபோது மணி ஐந்தேகால்.

மாரித்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள். ஸ்கூட்டியில் இதுவரை ஏறியதில்லை. சங்கரேஸ்வரியின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காற்று எதிரே அடித்தது. குருவிகுளத்தில் ஒரு கல்யாண ஊர்வலம் ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. ஹாரன் அடித்தாள், கத்தினாள், மாப்பிள்ளை வீட்டார் முறைத்தார்கள். ஐந்தே முக்கால்.

"அழாம ஓட்டுங்க டீச்சர், ரோடு தெரியாது" என்றாள் மாரித்தாய் பின்னாலிருந்து.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ரோட்டோரம் நிறுத்தி, ஸ்கூட்டி சீட்டின் மேலேயே லேப்டாப்பைத் திறந்து, போன் நெட்டில் இணைத்து, ஓடிபி அனுப்பு என்று தட்டினாள். சுருக்குப்பைக்குள் டிங் என்றது. நான்கு வருடமும் அந்தப் பைக்குள் வந்துவிட்டது. சங்கரேஸ்வரி மேற்கே பார்த்தாள். புளிய மரங்கள், ஒரு செங்கல் சூளை, வெயில். கோபுரம் இல்லை.

"இங்கன இருந்து அந்தத் திசையப் பாத்துக் கும்பிட்டுச் சொல்லக் கூடாதாக்கா?"

மாரித்தாய் எட்டிப் பார்த்தாள். காலை ஊன்றி, கழுத்தை நீட்டி, உண்மையாகவே பார்த்தாள். "தெரிஞ்சாச் சொல்ல மாட்டனா? தெரியலையே டீச்சர்." அவளும் அழுகிற நிலையில்தான் இருந்தாள். "கொஞ்சம் வெரசாப் போங்க. தெரிஞ்சிரும்."

மூடிய லேப்டாப்பை மடியில் மாரித்தாய் வைத்துக்கொள்ள, சங்கரேஸ்வரி வண்டியை முறுக்கினாள். நம்பிக்கை என்று சொல்ல ஒன்றும் பாக்கியில்லை. ஆனாலும் கை முறுக்கிக்கொண்டுதான் இருந்தது. கோமதியை வேண்டவில்லை. யப்பா, யப்பா என்றுதான் வாய் முணுமுணுத்தது. வண்டியின் முன்பக்கம் மாட்டியிருந்த போனில் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது என்று மாறியது. அப்புறம் ஆறு என்றது. ஒரு சத்தமும் இல்லாமல் அது நடந்தது. எதிரே ஒரு மினி பஸ் வந்தது, ஒதுங்கி வழி விட்டாள். கடல் கடந்து எங்கேயோ ஒரு கதவு இந்நேரம் தானாகச் சாத்திக்கொண்டிருக்கும். வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த வளைவு திரும்பியதும் மரங்கள் விலகின. வெகு தூரத்தில், வீடுகளுக்கு மேலே, கோபுரம் தெரிந்தது.

"நிறுத்துங்க டீச்சர், நிறுத்துங்க. தெரியுது."

வண்டி நிற்பதற்குள் மாரித்தாய் இறங்கிவிட்டாள். லேப்டாப்பைப் பத்திரமாகச் சீட்டின் மேல் வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சூடு ஆறாத தார் ரோட்டில் நெற்றி படும்படி விழுந்து கும்பிட்டாள். "தாயே, ஒனக்குக் குடுத்த வாக்குல தவறுதேன். எனக்காவ இல்ல, இந்தப் பிள்ளைக்காவ. எம் மவன ஒண்ணும் பண்ணிராத. பண்ணணும்னா என்னப் பண்ணு." எழுந்து, நெற்றியில் ஒட்டிய மண்ணைக்கூடத் துடைக்காமல் சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

மணி ஆறு ஒன்பது. சங்கரேஸ்வரி வாயைத் திறந்தாள். எல்லாம் முடிந்துவிட்டது அக்கா, இனி வேண்டாம் என்று சொல்லத்தான் திறந்தாள். பைக்குள் துழாவுகிற கையையும் நெற்றி மண்ணையும் பார்த்தாள். மகனைப் பணயம் வைத்துவிட்டு வந்து நிற்கிறவளிடம் அது எதற்கும் உதவாது என்று எந்த நாக்கால் சொல்வது?

"சொல்லுங்கக்கா" என்றாள்.

மாரித்தாய் போனைக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தப்பு வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அஞ்சு... பூச்சியம்... எட்டு... எட்டு... ரெண்டு... ஒண்ணு."

ரோட்டில் வேறு சத்தமில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுதிட்டியளா?"

சங்கரேஸ்வரியின் கையில் பேனாவும் இல்லை, தாளும் இல்லை. லேப்டாப் மூடியபடியே சீட்டின் மேல் கிடந்தது.

"எழுதிட்டேன்" என்றாள்.